பிரிண்டர் துளையில் ஒரு தண்ணீர் மோட்டார்

பழைய கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். மானிட்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று என்று சின்னச் சின்ன இணைப்புகள். அவற்றுக்கு நடுவே அகலமாக, 25 துளைகளோடு ஒன்று. அதுதான் பேரலல் போர்ட். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் தடித்த கேபிளைச் சொருகி இரண்டு பக்கமும் திருகு முடுக்குவார்கள். சம்பளப் பட்டியல், கட்டண ரசீது, கடை பில் எல்லாம் அந்த வழியாகத்தான் "கர்ர்ர்... கர்ர்ர்..." என்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தன.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது வெறும் பிரிண்டர் துளை. ஆனால் கையில் சால்டரிங் அயர்ன் பிடித்த மாணவர்களுக்கு அது வேறு. பிரிண்டர் கேபிளைக் கழற்றிவிட்டு, தாங்களே செய்த சர்க்யூட்டை அங்கே மாட்டி, நாலு வரி மென்பொருள் எழுதி, ஒரு பல்பையோ மோட்டாரையோ ஓட்டினார்கள். திரைக்குள் மட்டும் வாழ்ந்த கம்ப்யூட்டருக்குக் கை முளைத்தது அப்படித்தான்.

இன்று கடையில் வாங்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அந்தத் துளை இல்லை. போனால் போகட்டும், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? துளை போனதில் பெரிய நஷ்டம் இல்லைதான். அது சொல்லிக்கொடுத்த பாடத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டதில்தான் நஷ்டம். அதுவும் காவிரியின் கடைமடையில் இருக்கும் ஊர்களுக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. ஏன் என்று பார்க்கலாம்.

கொஞ்சம் வரலாறு

1970ல் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 'மாடல் 101' என்ற பிரிண்டரை வெளியிட்டது. அதற்காகச் செய்த இணைப்பு முறையிலிருந்துதான் பேரலல் போர்ட்டின் கதை தொடங்குகிறது. ஒரு எழுத்துக்கு எட்டு பிட். அவற்றை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் நேரமாகும். எட்டுக் கம்பி இருந்தால் எட்டும் ஒரே சமயத்தில் போய்ச் சேரும். வயலில் ஒரே ஆள் நாற்று நடுவதற்கும், எட்டுப் பேர் வரிசையாக நின்று சேர்ந்து குனிவதற்கும் உள்ள வித்தியாசம்தான். யோசனை அவ்வளவு எளிமையானது.

1981ல் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது, பிரிண்டருக்காக 25 துளை இணைப்பை வைத்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். 1994ல் ஐ.இ.இ.இ. 1284 என்ற தர நிர்ணயம் வந்து, தகவல் இரண்டு பக்கமும் போய்வருவதை முறைப்படுத்தியது. 1996ல் யு.எஸ்.பி. வந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் பிரிண்டர்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்விட்டன. பிரிண்டர் போன பிறகு அந்தத் துளைக்கு என்ன வேலை? தயாரிப்பாளர்கள் நிறுத்திவிட்டார்கள். வியாபாரக் கணக்கில் அது சரியான முடிவுதான்.

எட்டுக் கம்பி, ஒரு எண்

இப்போது துளைக்கு உள்ளே போகலாம். 25 பின்களில் 2 முதல் 9 வரை உள்ள எட்டும் கம்ப்யூட்டர் வெளியே பேசுவதற்கு. 10, 11, 12, 13, 15 ஆகிய ஐந்தும் பிரிண்டர் கம்ப்யூட்டரிடம் பேசுவதற்கு. 1, 14, 16, 17 ஆகிய நான்கும் கட்டுப்பாட்டுக்கு. 18 முதல் 25 வரை எட்டும் எர்த் மாதிரியான பொதுக் கம்பி. கூட்டிப் பாருங்கள், 25 சரியாக வரும்.

ஒரு தெருவில் வீட்டுக்குக் கதவிலக்கம் இருப்பது போல, கம்ப்யூட்டருக்குள் இந்தப் போர்ட்டுக்கும் ஒரு எண் உண்டு. வழக்கமாக அது 888. புரோகிராமர்கள் இதையே ஹெக்ஸாடெசிமல் கணக்கில் 378 என்று எழுதுவார்கள். வெளியே அனுப்ப 888, வெளியிலிருந்து வருவதைப் படிக்க 889, கட்டுப்பாட்டுக்கு 890.

888க்கு 1 என்ற எண்ணை அனுப்பினால் 2ஆம் பின்னில் மின்னழுத்தம் ஏறும், சுமார் 5 வோல்ட். 2 அனுப்பினால் 3ஆம் பின். 4 அனுப்பினால் 4ஆம் பின். அப்படியே 8, 16, 32, 64, 128 வரை. 5 அனுப்பினால் என்ன ஆகும்? 5 என்பது 4ம் 1ம் சேர்ந்தது. அதனால் இரண்டு பின்கள் ஒன்றாக ஏறும். 255 அனுப்பினால் எட்டும் எரியும். 0 அனுப்பினால் எல்லாம் அணையும். டர்போ சி மொழியில் இதற்குத் தேவை ஒரே ஒரு வரி!

பி.காம். மாணவர்களுக்கும் கம்ப்யூட்டர் பேப்பரில் பைனரி கணக்கு வரும். 2ஆல் வகுத்து, மீதியைத் தலைகீழாக எழுதி, மார்க் வாங்கி, மறுநாள் மறந்துவிடுவார்கள். ஆனால் எட்டு எல்.இ.டி.யை வரிசையாக வைத்து, 5 என்று தட்டினால் இரண்டு விளக்கு எரிவதை ஒருமுறை பார்த்தவருக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பின்களில் கிடைக்கும் மின்சாரம் மிகக் குறைவு. சில மில்லி ஆம்பியர்தான். ரெசிஸ்டர் போட்டு ஒரு எல்.இ.டி. எரியவிடலாம், அதற்கு மேல் கேட்டால் போர்ட்டே புகைந்துவிடும். அதனால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டரோ, யு.எல்.என். 2003 என்ற ஐ.சி.யோ வைத்து, அதன் மூலம் ஒரு ரிலேயை இயக்குவார்கள். ரிலே என்பது மின்சாரத்தால் அழுத்தப்படும் சுவிட்ச். அந்த ரிலேதான் பெரிய மின்சாரத்தைத் தொடும், கம்ப்யூட்டர் தொடாது. ரிலே அணையும்போது அதன் சுருளிலிருந்து திரும்பி வரும் அதிர்ச்சியைத் தாங்க ஒரு டையோடு. கம்ப்யூட்டரையும் சர்க்யூட்டையும் முழுவதுமாகப் பிரித்து வைக்க ஒரு ஆப்டோகப்ளர். எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாகக் கிடைக்கும் சாமான்கள்தான்.

திருக்கடையூரில் ஒரு தொட்டி

ஒரு உதாரணம் இருந்தால் விஷயம் தெளிவாகும். திருக்கடையூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும்தான் நினைவுக்கு வரும். அமிர்தகடேசுவரர் கோயிலுக்கு வரும் குடும்பங்கள் தங்குவதற்காக ஊரில் விடுதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு விடுதிக்கும் மாடியில் தண்ணீர்த் தொட்டி. விடியற்காலை முகூர்த்தம், நாலு மணிக்கே எல்லோரும் குளிப்பார்கள். அந்த நேரத்தில் தொட்டி காலி என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனால் தண்ணீர் வழிந்து மாடிப்படியில் இறங்கும். இரண்டுமே வம்பு.

அப்படி ஒரு விடுதியின் தொட்டியை ஒரு மாணவர் பேரலல் போர்ட் வழியாகக் கட்டுப்படுத்த நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடியில் ஒரு மிதவை சுவிட்ச், மேலே ஒரு மிதவை சுவிட்ச். இரண்டின் கம்பிகளும் போர்ட்டின் உள்வரும் பின்களுக்கு. வெளியே 2ஆம் பின்னிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து மோட்டார்.

12ஆம் பின்னுக்குப் பிரிண்டர் காலத்தில் ஒரு வேலை இருந்தது. 'பேப்பர் தீர்ந்துவிட்டது' என்று பிரிண்டர் கத்துவது அதன் வழியாகத்தான். அதே பின்னில் 'தண்ணீர் தீர்ந்துவிட்டது' என்று தொட்டியைக் கத்தவைக்கலாம். அடி மிதவை தண்ணீர் இல்லை என்றால் மோட்டார் ஓடட்டும். மேல் மிதவை தண்ணீர் வந்துவிட்டது என்றால் நிற்கட்டும். இரண்டுக்கும் நடுவே இருந்தால் ஏற்கெனவே என்ன நிலையோ அதுவே தொடரட்டும். இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால், தண்ணீர் ஒரு சொட்டு இறங்கினாலும் மோட்டார் போட்டுப் போட்டு அணைந்து சீக்கிரம் கெட்டுவிடும்.

மொத்தம் பத்துப் பதினைந்து வரி மென்பொருள். முடிந்தது வேலை!

உண்மையில் வேலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தண்ணீர் கற்றுக்கொடுக்கும் புரோகிராமிங்

முதல் கேள்வி. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மென்பொருள் பாதியில் நின்றுவிட்டால்? மோட்டாரும் நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நிற்காது. பேரலல் போர்ட் கடைசியாகச் சொன்ன எண்ணை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். 1 என்று சொல்லிவிட்டு மென்பொருள் செத்துப்போனால், 2ஆம் பின்னில் 5 வோல்ட் அப்படியே நிற்கும். தொட்டி நிரம்பும், வழியும், சொல்லி நிறுத்த ஆள் இருக்காது.

இரண்டாவது கேள்வி. மிதவை சுவிட்சின் கம்பியை எலி கடித்துவிட்டால்? உள்வரும் பின் ஒன்றும் இணைக்கப்படாமல் இருந்தால் பெரும்பாலும் அது 1 என்றுதான் படிக்கும். மேலே சொன்ன ஏற்பாட்டில் 12ஆம் பின்னில் 1 என்றால் 'தண்ணீர் தீர்ந்துவிட்டது' என்று அர்த்தம். அதாவது, அறுந்த கம்பி 'தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை' என்று கத்திக்கொண்டே இருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அர்த்தத்தைத் திருப்பி வைக்க வேண்டும். தண்ணீர் இல்லாதபோது சுவிட்ச் மூடி 0 வரவேண்டும், கம்பி அறுந்தால் 'நிறைந்திருக்கிறது' என்று அர்த்தமாகி மோட்டார் நிற்க வேண்டும். தொட்டி காலியானால் யாராவது வந்து பார்ப்பார்கள். ராத்திரியில் வழிந்தால் யார் பார்ப்பார்கள்? பழுது வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் பொறியியல். இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பதும், ஈரமான மாடிப்படியில் நின்று புரிந்துகொள்வதும் ஒன்றாகாது.

மூன்றாவது, 11ஆம் பின். இது ஒரு விசித்திரமான பின். வெளியே மின்னழுத்தம் இருந்தால் உள்ளே 0 என்று படிக்கும், இல்லாவிட்டால் 1 என்று படிக்கும். சர்க்யூட்டிலேயே தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். அமாவாசையைப் பௌர்ணமி என்று சொன்ன அபிராமி பட்டரின் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்! பட்டருக்கு அம்பாள் வந்து நிலவைக் காட்டினாள் என்பது ஐதீகம். புரோகிராமருக்கு யாரும் வரமாட்டார்கள். மல்டிமீட்டரை வைத்து அவரேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்காவது, கம்ப்யூட்டரைப் போட்டவுடன் மென்பொருள் ஓடத் தொடங்குவதற்கு முன்னாலேயே அந்தப் பின்கள் தாமாக ஏறி இறங்கலாம். பிரிண்டர் இருக்கிறதா என்று தேடும்போதும் அப்படி ஆகலாம். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இது சாதாரண விஷயமில்லை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு. பேரேட்டில் தவறான பதிவு விழுந்தால் திருத்தப் பதிவு போடலாம். பற்றை வரவு ஆக்கி, வரவைப் பற்று ஆக்கிச் சரிக்கட்டிவிடலாம். கொட்டிய தண்ணீருக்குத் திருத்தப் பதிவு கிடையாது. எரிந்த மோட்டாருக்கும் கிடையாது. திரைக்குள் மட்டும் ஓடும் மென்பொருளுக்கும், வெளியே ஒரு பொருளை அசைக்கும் மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டாவது வகையை ஒருமுறையாவது எழுதிப் பார்த்தவர், முதல் வகையையும் பொறுப்போடு எழுதுவார்.

இது கற்பனை இல்லை, டெல்லியில் செய்து காட்டினார்கள்

சரி, பிரிண்டர் துளையை வைத்து மாணவர்கள் விளையாடலாம், அதற்கு மேல் என்ன உபயோகம் என்று கேட்பவர்களுக்கு ஒரு இந்திய உதாரணமே இருக்கிறது.

புதுடெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் என்ற நிறுவனம் உண்டு. முன்பு அணு அறிவியல் மையம் என்ற பெயரில் இருந்தது. நாடெங்கும் உள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்து துகள் முடுக்கியில் சோதனை செய்வார்கள். அந்த மையத்தில் பி.பி. அஜித் குமார் என்ற விஞ்ஞானி 2004-05 வாக்கில் 'ஃபீனிக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். வீட்டில் செய்த கருவிகளையும் புதுமையான சோதனைகளையும் கொண்டு இயற்பியல் கற்பது என்று விரியும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது.

கல்லூரி ஆய்வகத்துக்கு வெளிநாட்டுக் கருவி வாங்க வசதி இல்லை, ஆனால் எப்படியும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும், அதையே ஆய்வகக் கருவியாக மாற்றினால் என்ன? இதுதான் யோசனை. முதல் ஃபீனிக்ஸ் பெட்டி கம்ப்யூட்டரோடு இணைந்தது எதன் வழியாகத் தெரியுமா? பேரலல் போர்ட் வழியாகத்தான்!

ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீள ஊசல் போய்த் திரும்ப சுமார் 2 நொடி ஆகும். ஸ்டாப் வாட்ச்சை அழுத்தும் விரலே ஐந்தில் ஒரு பங்கு நொடி தாமதிக்கும். அதனால் 20 அலைவு எண்ணிச் சராசரி எடுக்கச் சொல்வார்கள். (பலர் எண்ணாமலே ரெக்கார்டு நோட்டில் சரியான விடையை எழுதுவது தனிக் கதை.) ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர், நடுவே ஊசல் குறுக்கிடும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் என்றால்? ஒரே அலைவிலேயே துல்லியமான விடை கிடைக்கும்.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். சாதாரண மென்பொருளை இயங்குதளம் எப்போது வேண்டுமானாலும் ஓரமாக நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும். அந்த இடைவெளியில் ஊசல் கடந்து போய்விட்டால் கணக்கு தப்பும். அதனால் நேரத்தை அளக்கும் பகுதியை லினக்ஸின் உள்ளே, கெர்னல் மட்டத்தில் வைத்தார்கள். மாணவர் எழுதும் பகுதியை பைத்தான் மொழியில், சில வரிகளில் முடியும்படி எளிமையாக்கினார்கள். சர்க்யூட் வரைபடமும் மென்பொருளும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்தார்கள். கல்லூரி ஆசிரியர்களை அழைத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பேரலல் போர்ட் மறையத் தொடங்கியபோது ஃபீனிக்ஸும் அதோடு சேர்ந்து மறையவில்லை. மைக்ரோகன்ட்ரோலர் வைத்த பெட்டியாக மாறியது. பிறகு 'எக்ஸ்ப்ஐஸ்' என்ற பெயரில் யு.எஸ்.பி.யில் மாட்டும் சின்னக் கருவியாக வளர்ந்தது. 2017ல் அதன் 'எக்ஸ்ப்ஐஸ் 17' வடிவம் வந்தது. துளை மாறியது, ஆனால் திறந்திருக்கும் குணம் மாறவில்லை. பழைய போர்ட்டுக்காக ஒப்பாரி வைக்கிறவர்களும், 'எல்லாம் பழைய குப்பை' என்று ஒதுக்குகிறவர்களும் கவனிக்க வேண்டிய இடம் இது.

கதவு மூடிய பிறகு வந்த கம்ப்யூட்டர்

இப்போது டெல்லியிலிருந்து டெல்டாவுக்குத் திரும்பலாம்.

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் பேரலல் போர்ட்டில் விளையாடியவர்கள் யார்? பெரும்பாலும் நகரத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள், அல்லது வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள். திருக்கடையூர், ஆக்கூர், தரங்கம்பாடி பக்கத்துச் சாதாரணக் குடும்பத்தில் அன்று யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது? பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள், பின்பக்கத் துளையில் கம்பி சொருக முடியுமா? கடைக்காரர் விடுவாரா?

2011ல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து வீடுகள் பலவற்றில் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் நுழைந்தது அப்போதுதான். அது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மடிக்கணினிகள் வந்த காலத்தில் பேரலல் போர்ட் போய்விட்டிருந்தது. அதாவது, கம்ப்யூட்டர் கையில் கிடைத்தபோது கம்பி சொருகும் கதவு மூடியிருந்தது. படம் பார்க்கலாம், பாட்டு கேட்கலாம், டைப் அடிக்கலாம். ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் நடுவே இன்னொரு கருவி வேண்டும், அதைச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். மடிக்கணினி வந்தது, அந்த ஆள் வரவில்லை.

இதே காலத்தில் வயலுக்குள்ளும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. பம்ப்செட்டுக்கு மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரங்களில்தான் வரும். அது நடுராத்திரியாகவும் இருக்கும். டார்ச் லைட்டும் தடியுமாக வரப்பில் நடந்து போய், பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து, மோட்டார் போட்டுவிட்டு வந்த விவசாயிகளுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டரும், செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டரும் பெரிய வரம். வீட்டிலிருந்தே ஒரு போன் போட்டால் மோட்டார் ஓடும்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஒரு மைக்ரோகன்ட்ரோலர், சில ரிலேக்கள், கொஞ்சம் மென்பொருள். மேலே சொன்ன தண்ணீர்த் தொட்டியின் பெரிய அண்ணன்தான் அது. இப்படிப்பட்ட பெட்டி கெட்டுப்போனால், கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது பெட்டியையே மாற்ற வேண்டும். மேட்டூர் திறந்தும் கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வந்து சேராத நாட்களில் போர்தான் நாற்றங்காலைக் காப்பாற்றுகிறது. அப்போது நான்கு நாள் காத்திருப்பது என்பது சின்ன விஷயமா? ஊரிலேயே மோட்டார் காயில் கட்டத் தெரிந்தவர் இருக்கிறார். ஸ்டார்ட்டர் கான்டாக்ட்டைத் தேய்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர் இருக்கிறார். ஆனால் மென்பொருள் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அரிது. தெரிந்தவர் இருந்தாலும், பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தயாராக இல்லை.

எதிர்க்கேள்விகள்

"ஆர்டுயினோ இருக்கிறதே, அப்புறம் ஏன் இந்தப் பழைய கதை?" நியாயமான கேள்வி. 2005ல் இத்தாலியில் மாணவர்களுக்காகப் பிறந்த ஆர்டுயினோவும், 2012ல் வந்த ராஸ்பெர்ரி பையும் பேரலல் போர்ட்டை விடப் பல மடங்கு நல்லவை. போர்ட்டில் தவறு செய்தால் மதர்போர்டே போய்விடும், ஆர்டுயினோவில் தவறு செய்தால் அந்தச் சின்னப் போர்டோடு போகும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் அது தனியாக வேலை செய்யும். எனவே இன்று தொடங்குகிறவர் அதில் தொடங்குவதே சரி. ஆனால் யாரோ எழுதிய லைப்ரரியை இறக்கி, யாரோ எழுதிய நிரலைக் காப்பி அடித்து, விளக்கு எரிந்தவுடன் 'முடிந்தது' என்று எழுந்துபோனால், அது ரெக்கார்டு நோட்டில் விடையை மட்டும் எழுதுவது மாதிரிதான். எட்டுக் கம்பியில் எந்தக் கம்பி ஏன் ஏறியது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

"பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது, அதிலேயே செய்யலாமா?" தாராளமாக. ஆனால் விண்டோஸ் 98 வரை நேரடியாக விட்ட அந்த ஒரு வரியை விண்டோஸ் 2000மும் எக்ஸ்பியும் தடுத்தன. எந்த மென்பொருளும் எந்த வன்பொருளையும் தொடலாம் என்றால் ஒரு வைரஸ் போதுமே, எல்லாவற்றையும் கவிழ்க்க. தடுத்தது நியாயம்தான். அதற்கென்று தனி டிரைவர் போட வேண்டும், லினக்ஸில் நிர்வாகி அனுமதி வேண்டும். இன்னொன்று, கடையில் விற்கும் யு.எஸ்.பி. - பேரலல் கேபிளை வாங்கி ஏமாற வேண்டாம். அது பிரிண்டருக்கு மட்டுமே உதவும். பின்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்க விடாது.

"அப்படியானால் பேரலல் போர்ட்டை இப்போது யாருமே பயன்படுத்துவதில்லையா?" பயன்படுத்துகிறார்கள். உலோகத்தையும் மரத்தையும் செதுக்கும் இயந்திரங்களைத் தாங்களே செய்பவர்களில் சிலர் லினக்ஸ்சி.என்.சி. என்ற திறந்த மென்பொருளை இன்றும் பேரலல் போர்ட்டோடு ஓட்டுகிறார்கள். திறந்த பொருளுக்கு ஆயுசு கெட்டி.

"230 வோல்ட்டில் பிள்ளைகள் கை வைத்தால்?" வைக்கவே கூடாது. கற்றுக்கொள்வது 5 வோல்ட்டிலும் 12 வோல்ட்டிலும் நடக்கட்டும். மோட்டார் இணைப்பை உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். பம்ப்செட்டின் மும்முனை மின்சாரம் விளையாட்டு இல்லை.

"இதெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்கு. பி.காம். படிப்பவருக்கு என்ன?" இதற்குப் பதில் எளிது. நாளைக்குக் கூட்டுறவுச் சங்கத்திலோ, வங்கியிலோ, சொந்தக் கடையிலோ உட்கார்ந்து எந்தக் கருவியை வாங்குவது, எந்தக் கருவிக்குக் கடன் கொடுப்பது என்று முடிவு செய்யப்போவது அவர்தான். வாங்கும் விலையை மட்டும் பார்த்து, பழுதுபார்க்கும் செலவையும் காத்திருக்கும் நாட்களின் நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்காதவர் நல்ல கணக்காளர் ஆக முடியாது. 'இதன் சர்க்யூட் வரைபடம் கிடைக்குமா? ஊரில் சரிசெய்ய முடியுமா?' என்று கேட்க ஓரளவாவது உள்ளே தெரிந்திருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு கலை அறிவியல் கல்லூரியிலும் ஒரே ஒரு மேசை போதும். அதன் மேல் இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், சில திறந்த போர்டுகள், ஒரு பழைய கம்ப்யூட்டர். எந்தத் துறை மாணவரும் உட்காரலாம் என்ற விதி. ஃபீனிக்ஸ் வழியில் வந்த கருவிகளின் வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஊர் எலக்ட்ரீஷியனையும் காயில் கட்டுபவரையும் வாரம் ஒரு நாள் அழைக்கலாம். அவர்களுக்குத் தெரிந்தது மாணவருக்குத் தெரியாது, மாணவருக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு தரப்பும் ஒரே மேசைக்கு வருவது நல்லது.

அடுத்தது, கடையில் காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கிச் சமர்ப்பிக்கும் பழக்கம். இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பளபளவென்று ஓடும் வாங்கிய புராஜெக்ட்டை விட, திக்கித் திணறி ஓடும் சொந்தப் புராஜெக்ட்டுக்கு அதிக மார்க் என்று ஆசிரியர்கள் முடிவு செய்தால் இது ஒரு வருடத்தில் குறையும். 'கம்பி அறுந்தால் உன் கருவி என்ன செய்யும்?' என்று வைவாவில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், யார் செய்தது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, அரசு மானியத்தில் வாங்கும் வயல் கருவிகளுக்கு ஒரு நிபந்தனை. சர்க்யூட் வரைபடமும், பழுதுபார்க்கும் குறிப்பும் தமிழில் பெட்டியோடு வர வேண்டும். மக்கள் பணத்தில் பாதி கொடுத்து வாங்கும் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று மக்கள் கேட்பதில் தவறில்லை.

25 துளை திரும்பி வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். ஆனால் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு கம்பியைச் சொருகி, ஒரு எண்ணை அனுப்பி, வெளியே ஒன்று அசைவதைப் பார்க்கும் உரிமை அதோடு போய்விடக் கூடாது. கல்லூரி ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும் பழைய பென்டியம் ஒன்றை எடைக்குப் போடுவதற்கு முன்னால், அதன் பின்பக்கம் ஒரு எல்.இ.டி.யையும் ஒரு ரெசிஸ்டரையும் வைத்து 888க்கு 1 அனுப்பிப் பாருங்கள். எரிந்தால், அடுத்து மென்பொருளைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள். விளக்கு அணையாது. ஏன் அணையவில்லை, அணைய வைக்க என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கும் இடத்தில்தான் உண்மையான பாடம் இருக்கிறது.